காற்றடிக்கும் நாளில் டேப்ளி: டர்னரின் மாளிகை ஓவியத்தைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

இங்கிலாந்தின் பழைய ஓவியங்களில் ஒரு வகை உண்டு. தூரத்தில் பெரிய மாளிகை ஒன்று, அதன் முன்னால் சரிந்து இறங்கும் புல்வெளி, நாலைந்து மாடுகளோ மான்களோ, ஓரமாக ஒரு ஏரி. ஓவியக்கூடத்துக்குப் புதிதாகப் போகிறவர்கள் இவற்றின் முன்னால் அரை நிமிடம் நின்றாலே அதிகம். யாரோ ஒரு பணக்காரர் தன் வீட்டையும் நிலத்தையும் வரையச் சொல்லிக் காசு கொடுத்திருக்கிறார், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். நியாயம்தான். இந்த வகையில் வரையப்பட்டவற்றில் பெரும்பாலானவை அந்த அரை நிமிடத்துக்கு மேல் தாங்காது.

தாங்குகிற சிலவற்றில் ஒன்று, ஜே. எம். டபிள்யூ. டர்னர் வரைந்த டேப்ளி. வடமேற்கு இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் உள்ள அந்த எஸ்டேட்டில் டர்னர் 1808 கோடையில் விருந்தாளியாகத் தங்கினார். அங்கிருந்து இரண்டு எண்ணெய் வண்ண ஓவியங்கள் கிடைத்தன. இரண்டும் 1809இல் லண்டன் ராயல் அகாடமியின் கண்காட்சியில் இடம்பெற்றன. ஒன்றில் அமைதியான காலை, மற்றதில் காற்றடிக்கும் நாள். இந்த இரண்டாவது படத்தை எப்படிப் பார்ப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். ஓவியம் பற்றி முன்கூட்டியே எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இதில் கண் பழகிவிட்டால், 1800ஐ ஒட்டிய ரொமாண்டிக் காலத்து நிலக்காட்சி எதன் முன்னாலும் தைரியமாக நிற்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் பெயரில் மாளிகை இருக்கிறது. படத்தின் விஷயம் காற்று. வீட்டைத் தேடிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அது தூரத்தில் சின்னதாக நிற்கிறது.

தேவையானவை

கணினித் திரை, ஒரு தாள், பென்சில், அரை மணி நேரம். கைபேசியில் பார்க்காதீர்கள். அலைகளெல்லாம் ஒன்றாகிச் சாம்பல் நிறப் பட்டையாகத் தெரியும். பிரிட்டனின் பொதுச் சேகரிப்புகளில் உள்ள ஓவியங்களை ஆர்ட் யூகே என்ற தளம் தொகுத்து வைத்திருக்கிறது. டர்னர், டேப்ளி என்று ஆங்கிலத்தில் போட்டு அங்கிருந்து தேடத் தொடங்கலாம். ஜோடிப் படமான அமைதியான காலை, டேட் அருங்காட்சியகத்தின் தளத்தில் கிடைக்கும். கிடைத்ததில் பெரிய அளவுப் படத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஒரே ஓவியம் ஒரு தளத்தில் மஞ்சளாகவும் இன்னொன்றில் நீலமாகவும் தெரியும் என்பதால், திரையில் பார்த்துவிட்டு நிறத்தைப் பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு சின்ன வேலை. இந்த ஓவியம் ஏறக்குறைய மூன்றடி உயரம், நான்கடி அகலம். அளவு நாடாவை எடுத்து வீட்டுச் சுவரில் அந்தச் செவ்வகத்தைக் குறித்துப் பாருங்கள். திரையில் நகக்கண் அளவில் தெரியும் படகு, நேரில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது உடனே விளங்கும்.

படி 1: தலைப்பை முழுதாக வாசியுங்கள்

ஓவியத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: டேப்ளி, பாரோனெட் சர் ஜே. எஃப். லெஸ்டரின் இருப்பிடம்: காற்றடிக்கும் நாள். முதலில் இடம், அடுத்து சொந்தக்காரர், கடைசியில் வானிலை. முதல் இரண்டும் காசு கொடுத்தவருக்காக. மூன்றாவது டர்னர் தனக்காக வைத்துக்கொண்டது.

இது தற்செயலாக வந்த பெயர் அல்ல. அடுத்த ஆண்டு, 1810இல், அதே அகாடமியில் அவர் இன்னும் மூன்று மாளிகைப் படங்களை வைத்தார். லௌதர் கோட்டையை நடுப்பகலிலும் மாலையிலும் வரைந்தவை இரண்டு. பெட்வர்த் மாளிகையைப் பனி ஈரம் காயாத காலையில் வரைந்தது ஒன்று. எல்லாப் பெயர்களிலும் சொந்தக்காரரின் பட்டத்துக்குப் பின்னால் பொழுது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த விஷயத்தில், டர்னர் காலத்து இன்னொரு ஆங்கில ஓவியரான ஜான் கான்ஸ்டபிள் இன்னும் வெளிப்படையாகப் பேசியவர். எங்கிள்ஃபீல்ட் மாளிகையை அவர் வரைந்து 1833இல் அகாடமிக்குக் கொண்டுபோனபோது, இது வீட்டின் படம்தானே, கட்டடக்கலைப் பிரிவு அறையில் அல்லவா மாட்ட வேண்டும் என்று அங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். இது ஒரு கோடைக்காலைப் பொழுதின் படம், அதில் ஒரு வீடும் இருக்கிறது என்பது கான்ஸ்டபிளின் பதில். அந்த வீட்டுக்காரருக்கும் படத்தில் குறை இருந்தது. தன் வீட்டின் முன்னால் மாடுகள் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கான்ஸ்டபிள் மாடுகளை அழித்து மான்களைப் போட்டார். வானிலையை விட்டுக்கொடுக்காதவர் மாடுகளை விட்டுக்கொடுத்திருக்கிறார், பிழைப்பு அப்படி.

படி 2: ஆட்களை அறிந்துகொள்ளுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்

சர் ஜான் ஃப்ளெமிங் லெஸ்டர் அந்தக் காலத்தில் கொஞ்சம் அபூர்வமான பணக்காரர். அவருடைய வகுப்பைச் சேர்ந்த மற்றவர்கள் இத்தாலியப் பழம் ஓவியங்களை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தபோது, இவர் உயிரோடு இருந்த பிரிட்டிஷ் ஓவியர்களிடம் வாங்கினார். லண்டன் ஹில் தெருவில் இருந்த தன் ஓவியக்கூடத்தை 1818இல் பொதுமக்கள் பார்க்கவும் திறந்துவிட்டார். டர்னரிடம் அவருக்கு ஏற்கெனவே கணக்கு இருந்தது. கப்பல் உடைந்து மூழ்கும் காட்சியை டர்னர் 1805இல் வரைந்திருந்தார். அதை வாங்கிய லெஸ்டர், 1807இல் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ரைன் நதி அருவியின் படத்தை எடுத்துக்கொண்டார்.

டர்னர் கோவன்ட் கார்டனில் சிகையலங்காரம் செய்தவரின் மகன். டேப்ளிக்குப் போனபோது வயது 33, அகாடமியின் முழு உறுப்பினராகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நெப்போலியனோடு போர் நடந்துகொண்டிருந்ததால் ஐரோப்பாவுக்குள் பயணம் போக வழியில்லை. ஆல்ப்ஸ் மலை இல்லாவிட்டால் என்ன, செஷயர் ஏரி இருக்கிறது. அதே சமயம் அங்கே தங்கியிருந்த ஹென்றி தாம்ஸன் என்ற ஓவியர், டர்னர் வரைந்ததைவிட மீன் பிடித்ததுதான் அதிகம் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறார். இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தூண்டிலோடு தண்ணீர் ஓரம் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தண்ணீரின் மேல் காற்று என்ன செய்யும் என்று தெரியும். லெஸ்டருக்கும் வரையும் ஆசை உண்டு. அவருக்கு டர்னர் சில யோசனைகள் சொல்லிவிட்டு, பிற்பாடு பாடம் நடத்தியதற்கான பில் அனுப்பினார் என்றும் ஒரு கதை உலவுகிறது. டர்னரின் சுபாவத்துக்குப் பொருந்துவதால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது போலும்.

அழகான ஏரிக்குப் பின்னால் அதிகாரமும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். 1797இல் செஷயரில் தன்னார்வக் குதிரைப்படையைத் திரட்டியவர் இதே லெஸ்டர்தான். 1819 ஆகஸ்டில் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைகளை ஏவிய பீட்டர்லூ நாளில், அந்தச் செஷயர் படையும் களத்தில் இருந்தது.

படி 3: கட்டைவிரலால் மாளிகையை மறையுங்கள்

திரைக்கு முன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மாளிகை இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். யார்க் நகரத்து ஜான் கார் வடிவமைத்து 1760களில் கட்டிய செங்கல் மாளிகை அது. ஏரியைப் பார்த்த முகப்பில் தூண் வரிசை, அந்தக் காலத்துப் பெருமை எல்லாம் உண்டு. அவ்வளவும் உங்கள் விரலுக்கடியில் காணாமல் போகிறது. படம் நிற்கிறதா? நிற்கிறது. தண்ணீர் அப்படியே அடித்துக்கொண்டிருக்கிறது, படகுகளின் பாய்கள் புடைத்திருக்கின்றன, மேகம் நகர்கிறது.

இப்போது விரலை எடுத்துவிட்டு, ஒரு தாளால் ஏரியை மறையுங்கள். மிஞ்சுவது கொஞ்சம் வானம், ஒரு வரிசை மரம், ஒரு வீடு. சுற்றுலாக் கையேட்டில் வரும் படம்போல ஆகிவிடும்.

எந்த மாளிகை ஓவியத்துக்கும் இந்தச் சோதனையைச் செய்யலாம். வீட்டை மறைத்ததும் படம் செத்துப்போனால் அது வீட்டின் படம். பிழைத்தால், ஓவியருக்கு வேறு ஏதோ சொல்ல இருந்திருக்கிறது.

படி 4: காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது?

இதுதான் முக்கியமான படி. இங்கே நேரம் செலவழியுங்கள். தாளில் படத்தின் சட்டகத்தை ஒரு செவ்வகமாகப் போட்டுக்கொண்டு, காற்று தெரியும் இடத்திலெல்லாம் சின்ன அம்புக்குறி இடுங்கள்.

பாயிலிருந்து தொடங்குவது எளிது. காற்று பாயைத் தள்ளும், பாய் எந்தப் பக்கம் புடைத்திருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் காற்று போகிறது. படகும் அந்தப் பக்கமே சாயும். படகில் இருப்பவர்களைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பலமான காற்றில் சாயும் படகில் இருப்பவர்கள் எதிர்ப்பக்கம் தங்கள் எடையைப் போடுவார்கள். இதை அறிந்த ஓவியர் யார், பாய்மரப் படகை ஒரு அழகுப் பொருளாக மட்டும் பார்த்த ஓவியர் யார் என்பது இந்த ஒரு இடத்திலேயே தெரிந்துவிடும். டர்னர் முதல் வகை.

அடுத்து அலை. காற்றில் எழும் அலைக்கு இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்காது. காற்று வரும் பக்கம் சரிவாக ஏறும். காற்று போகும் பக்கம் செங்குத்தாக இறங்கும், உச்சி அந்தப் பக்கமே உடைந்து வெள்ளையாகும். ஆகவே வெள்ளை விளிம்பு அலையின் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்த்தால் போதும். பாய் சொன்ன திசையும் அலை சொல்லும் திசையும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். இரண்டாந்தர ஓவியர்களிடம் பல நேரம் ஒத்துப்போகாது. கொடி ஒரு பக்கம் பறக்கும், புகைபோக்கியின் புகை வேறு பக்கம் போகும், மரம் நேராக நிற்கும்.

மரங்களில் கிளை வளைவதை மட்டும் தேடாதீர்கள். இலைகள் காற்றில் புரளும்போது அடிப்பக்கம் தெரியும். வில்லோ போன்ற மரங்களில் அடிப்பக்கம் வெளிறியிருப்பதால், காற்று வீசும் பக்கத்தில் மரமே ஒரு படி வெளுத்துத் தெரியும். தூரத்து மரங்களில் இது ஒரு சின்ன நிற மாற்றமாக மட்டுமே இருக்கும், தவறவிடுவது சுலபம்.

வானம் கடைசியில். மேகம் போகும் திசையும் தண்ணீரின் மேல் அடிக்கும் காற்றின் திசையும் கொஞ்சம் விலகியிருந்தால் ஓவியர்மீது குற்றம் சொல்லாதீர்கள். தரைக்கு அருகே மரங்களும் மேடுகளும் காற்றை உரசித் தடுப்பதால், கீழ்க்காற்றும் மேல்காற்றும் நிஜத்திலேயே சில பாகைகள் வேறுபடும். மேகத்தின் வடிவத்தைப் படிக்கும் ஆர்வமும் அந்தத் தலைமுறையில் புதிதாகப் பிறந்ததுதான். லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து வணிகர் 1802இல் ஒரு உரையில் மேகங்களை வகை பிரித்து, குமுலஸ், சிரஸ், ஸ்ட்ரேட்டஸ் என்று பெயர் வைத்தார். இன்றும் வானிலைக்காரர்கள் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள்.

மேகத்தோடு சேர்த்து அதன் நிழலையும் தேடுங்கள். காற்றடிக்கும் நாளில் வெயில் எங்கும் நிலைத்து நிற்காது, திட்டுத் திட்டாக ஓடும். ஓவியருக்கு இது பெரிய வசதி. எந்த இடம் கண்ணில் பட வேண்டுமோ அங்கே ஒரு வெயில் திட்டை வைக்கலாம், வேண்டாததை மேக நிழலுக்குள் தள்ளலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. காசு கொடுத்தவரின் வீடு சின்னதாக இருந்தாலும் கவனத்துக்குத் தப்பாமல் இருக்க இந்த வித்தை போதும்.

அம்புக்குறிகள் எல்லாம் போட்டாயிற்றா? இப்போது தாளைத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் போகும். அந்தப் போக்கின் மேல்தான் முழுப் படமும் கட்டப்பட்டிருக்கிறது.

படி 5: எவ்வளவு காற்று?

டர்னர் டேப்ளிக்குப் போவதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1806இல், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஃபிரான்சிஸ் போஃபர்ட் காற்றின் பலத்தை எண்களால் குறிக்கும் அளவுகோலைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் கருவி எதையும் நம்பியிருக்கவில்லை. போர்க்கப்பல் எந்தெந்தப் பாய்களை விரித்துச் செல்ல முடியும் என்பதை வைத்தே கணக்குப் போட்டார். அதாவது ஓவியர் செய்வதையே அவரும் செய்தார்: காற்றை, அது அசைப்பவற்றைக் கொண்டு அறிவது. நிலத்துக்கான அடையாளங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டன. அவை ஓவியம் பார்ப்பவருக்கு அருமையான கருவி.

மூன்றாம் எண்ணில் இலையும் சின்னக் குச்சிகளும் விடாமல் அசையும், லேசான கொடி விரியும். நான்கில் புழுதி கிளம்பும். ஐந்தில், அதாவது மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டரில், இலை நிறைந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கும். ஏரி, குளங்களில் உச்சி வெளுத்த சிற்றலைகள் எழும். ஆறில் பெரிய கிளைகள் ஆடும், குடை பிடிப்பது கஷ்டம். ஏழில் முழு மரமும் ஆடும்.

டேப்ளி படத்துக்கு என் மதிப்பெண் ஐந்து. ஏரியில் அலை உச்சிகள் உடைகின்றன, ஆனால் உல்லாசப் படகுகள் இன்னும் தண்ணீரில்தான் இருக்கின்றன. ஏழுக்குப் போயிருந்தால் எல்லாரும் கரையேறி வீட்டுக்குள் போயிருப்பார்கள். நீங்கள் ஆறு என்று சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன். அலையை மட்டும் பார்த்தால் ஆறு என்று தோன்றவே டர்னர் வேலை செய்திருக்கிறார். எப்படி என்பது அடுத்த படியில்.

படி 6: ஏரி கடலாவது எப்படி?

அலையின் உயரம் காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. எவ்வளவு தூரம் தடையில்லாமல் காற்று தண்ணீரின் மேல் ஓடிவருகிறது என்பதும் கணக்கில் வரும். எஸ்டேட் ஏரியில் அந்தத் தூரம் கொஞ்சம்தான். எனவே எவ்வளவு காற்று அடித்தாலும் குட்டையான, நெருக்கமான அலைகள்தான் வரும். டர்னருக்கு இது தெரியாமல் இல்லை. நெருக்கத்தை அவர் சரியாகவே வைத்திருக்கிறார். மாற்றியது பார்வையின் உயரத்தை. மாளிகை ஓவியர்கள் வழக்கமாக ஒரு மேட்டில் நின்று எஸ்டேட் முழுவதையும் விரித்துக் காட்டுவார்கள். சொந்தக்காரருக்கும் அதுதான் பிடிக்கும், எல்லை வரை தெரியுமல்லவா. இங்கே பார்வை தாழ்ந்து தண்ணீரை ஒட்டி வருகிறது. முன்னால் இருப்பது எல்லாம் ஏரி. கண் கீழே இறங்கியதும் முழங்கால் உயர அலையும் பெரிதாகிவிடுகிறது, மாளிகை அதற்குப் பின்னால் ஒதுங்கிவிடுகிறது.

இந்தப் பார்வை அவருக்குக் கடலோவியத்திலிருந்து வந்தது. பிரிட்ஜ்வாட்டர் பிரபுவிடம் டச்சு ஓவியர் வில்லெம் வான் டி வெல்டவின் புயல் கடல் ஓவியம் ஒன்று இருந்தது. அதற்கு ஜோடியாகத் தொங்கவிட அவர் ஒரு படம் கேட்க, டர்னர் வரைந்து 1801இல் காட்சிக்கு வைத்தார். அங்கே மீனவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போராடிய அதே அலை இலக்கணம், இங்கே மதிய உணவுக்கு முன் படகு சவாரி போனவர்களின் ஏரிக்கு வந்திருக்கிறது. எனக்கு இதில் மெல்லிய குறும்பு தெரிகிறது. எஸ்டேட் முதலாளிக்கு அவருடைய சொந்த ஏரியை வட கடலாக்கிக் கொடுத்திருக்கிறார்; அவரும் சந்தோஷமாக வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஏரிக்குள் நிற்கும் வட்டக் கோபுரத்தைக் கவனித்தீர்களா? அலங்காரத்துக்காகக் கட்டியது. படத்தில் அதற்கு வேறு வேலை. பாய்கள் சாய்கின்றன, அலை புரள்கிறது, மேகம் ஓடுகிறது, இது மட்டும் செங்குத்தாக நிற்கிறது. படகு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துத்தான் கண் அளக்கிறது. படி 3இல் செய்ததைப் போலக் கோபுரத்தையும் ஒருமுறை விரலால் மறைத்துப் பாருங்கள், காற்று ஒரு எண் குறைந்துவிடும்.

படி 7: நிறத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்

படத்தைச் சேமித்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். வெளிச்சம் எங்கே குவிகிறது, இருட்டு எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி வண்ணத்துக்கு வாருங்கள். அப்புறம் அலை உச்சி ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். எண்ணெய் வண்ணத்தில் வழக்கம் என்னவென்றால் நிழலை மெல்லியதாகவும் வெளிச்சத்தைத் தடிமனாகவும் பூசுவது. வெள்ளை தடிமனாக நிற்கும் இடத்தில் அறையின் வெளிச்சமும் பட்டு மினுங்கும். இது திரையில் பாதிதான் தெரியும்.

டர்னர் அந்த ஆண்டுகளில் வெளிர் நிறங்களை அதிகம் நம்பினார். செல்வாக்கு மிக்க ரசிகரான சர் ஜார்ஜ் போமான்ட்டுக்கு அது ஆகவில்லை. டர்னரையும் அவருடைய நண்பர் கால்காட்டையும் வெள்ளை ஓவியர்கள் என்று ஏளனம் செய்தார். பழைய ஓவியங்களின் பழுப்பேறிய வார்னிஷே அழகு என்று பழகிய கண் அவருடையது. அன்றைய அகாடமிக் கண்காட்சியில் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரைவரை, சட்டகத்தோடு சட்டகம் இடித்துக்கொண்டு படங்கள் தொங்கும். அந்தக் கூட்டத்தில் வெளிர் படம் தனியாகத் தெரிந்தது என்பதும் காரணமாக இருக்கலாம்.

படி 8: ஜோடியைப் பக்கத்தில் வையுங்கள்

இரண்டு சன்னல்களைத் திறந்து, அமைதியான காலையையும் காற்றடிக்கும் நாளையும் அருகருகே வையுங்கள். அதே வீடு, அதே கோபுரம், அதே ஏரி. காலைப் படத்தில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கிறது, பிம்பங்கள் இறங்குகின்றன, மீன் பிடிப்பவர்கள் அவசரமில்லாமல் இருக்கிறார்கள். அங்கே கண் மெதுவாகப் போகும். காற்றுப் படத்தில் நிலைகொள்ளாமல் தாவும். எது மாறியது, எது மாறவில்லை என்று இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள். மாறாத பத்தியில் சொந்தக்காரரின் சொத்து இருக்கும். ஓவியர் தன் கைவரிசையைக் காட்டியது எல்லாம் மாறிய பத்தியில்.

இந்த ஜோடி சேர்ந்து இருந்தது கொஞ்ச காலம்தான். 1827இல் லெஸ்டர் இறந்தார், சேகரிப்பு அதே ஆண்டு ஏலத்துக்கு வந்தது. அமைதியான காலையை எக்ரிமண்ட் பிரபு வாங்கித் தெற்கே சஸெக்ஸில் இருந்த பெட்வர்த் மாளிகைக்குக் கொண்டுபோனார். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1984 முதல் சட்டப்படி டேட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். காற்றடிக்கும் நாள் டேப்ளி மாளிகைச் சேகரிப்பைச் சேர்ந்தது. அந்த ஏலத்தில் டர்னரே நேரில் இறங்கி, லெஸ்டர் வாங்கியிருந்த தன் பழைய படம் ஒன்றை, மூடுபனிக்குள் சூரியன் எழும் காட்சியை, திரும்ப வாங்கிக்கொண்டார். லண்டன் நேஷனல் கேலரியில் இப்போது அதைப் பார்க்கலாம்.

நேரில் போக நினைத்தால்

லண்டன் போகிறவர்களுக்கு டேட் பிரிட்டன் முதல் இடம். டர்னரின் படங்களுக்கென்றே அங்கே தனிப் பகுதி உண்டு, நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கப்பல் உடையும் படம் அங்கேதான் இருக்கிறது. பெட்வர்த், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பொறுப்பில் உள்ளது. டேப்ளி, நட்ஸ்ஃபோர்ட் ஊருக்குப் பக்கத்தில். எப்போது திறந்திருக்கும், இந்தப் படத்தைப் பார்க்க முடியுமா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இடம் டர்னர் பார்த்தபடியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஏரித் தீவில் இருந்த பழைய மரச்சட்ட வீடு 1927இல் இடிந்து விழுந்தது. அந்த வட்டாரத்தில் நிலத்தடி உப்புநீரை உறிஞ்சி எடுத்ததில் தரை உள்வாங்கியதுதான் காரணம். அதன் பக்கத்தில் இருந்த சிற்றாலயத்தைச் செங்கல் செங்கலாகப் பிரித்து, டர்னர் வரைந்த மாளிகைக்கு அருகே மறுபடி கட்டினார்கள்.

அடுத்து எவற்றைப் பார்க்கலாம்?

காற்றைத் தேடும் பழக்கம் வந்துவிட்டது என்றால், டர்னர் 1828இல் காட்சிக்கு வைத்த கிழக்கு கோவ்ஸ் கோட்டைப் படங்களுக்குப் போங்கள். கட்டடக்கலைஞர் ஜான் நாஷின் வீடு அது, வைட் தீவில் இருந்தது. இங்கேயும் ஜோடிதான். ஒன்றில் போட்டிப் படகுகள் காற்றை எதிர்த்து ஏறுகின்றன, மற்றதில் அவை நங்கூரமிடும் இடத்துக்குத் திரும்புகின்றன. முதலாவது அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், இரண்டாவது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். எதிர்க்காற்றில் போகும் படகுகளில் அம்புக்குறி இடுவது டேப்ளியைவிடக் கடினம், அவை காற்றுக்குக் குறுக்காகச் சாய்வாகப் போகும். பொறுமையாகச் செய்யுங்கள்.

அதே டேப்ளி எஸ்டேட்டை வேறு கைகளில் பார்க்க ஆசை இருந்தால் ஜேம்ஸ் வார்டு வரைந்தது டேட் சேகரிப்பில் உண்டு. வார்டுக்கு மாடுகள்தான் உயிர், ஏரியும் கோபுரமும் பின்னால் போய்விடும். மாளிகையை விட்டுக்கொடுக்காமலும் வானத்தை விட்டுக்கொடுக்காமலும் வரைந்ததற்கு கான்ஸ்டபிளின் விவன்ஹோ பூங்கா, 1816, வாஷிங்டன் நேஷனல் கேலரி. சொந்தக்காரர் இன்னும் சிலவற்றைச் சேர்க்கச் சொல்லியதால் கான்வாஸின் இரண்டு ஓரத்திலும் துண்டு வைத்துத் தைத்துப் பெரிதாக்கிய படம் அது. பெரிய அளவில் திறந்தால் ஓரங்களில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று யூகிக்கலாம்.

டேப்ளிக்குத் திரும்ப வர வேண்டும் என்றால், டர்னர் 1808இல் அங்கே பயன்படுத்திய குறிப்பேடுகள் மூன்று டேட்டில் இருக்கின்றன. தளத்தில் டேப்ளி குறிப்பேடு என்று ஆங்கிலத்தில் தேடினால் பக்கம் பக்கமாக இலவசமாகப் பார்க்கலாம். பென்சில் கோடுகள் சில மங்கலானவை, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.